அறுந்தால் எழுதவும்

திமிங்கில மார்க் நைலோன் கயிற்றின் ஒவ்வொரு சுருளிலும் ஒரு மட்டைத் துண்டு தொங்கும். அதில் ஒரு திமிங்கிலம் சிரித்துக்கொண்டிருக்கும். அதன் கீழே சிவப்பு எழுத்தில் 'அறுந்தால் எழுதவும்' என்று போட்டு, கொழும்பு விலாசம் ஒன்றும் அச்சடித்திருக்கும். கயிறு அறுகிற நேரத்தில் வள்ளக்காரன் என்ன கோலத்தில் இருப்பான், பேனை பிடிக்க அவனுக்குக் கை ஒழியுமா என்றெல்லாம் கொம்பனி யோசித்ததாகத் தெரியவில்லை. வடக்குத் தீவொன்றில், நாரந்தனைக் கரையில் அந்தக் கயிறு வாங்கிய குடும்பங்கள் எல்லாம் மட்டையைப் பிய்த்து எறிந்துவிட்டுத் தொழிலுக்குப் போய்க்கொண்டிருந்தன. அதை ஆற அமர இருந்து வாசித்தவர் தில்லைநாதன் முதலாளி ஒருவர்தான்.

தில்லைநாதன் கடலுக்குப் போகிற ஆள் அல்ல. தெற்கே சிங்கள ஊரான மாத்தறையில் இருபது வருசம் கடை வைத்திருந்து, ஐம்பத்தெட்டுக் கலவரத்தில் கடை எரிந்துபோக, உடுத்த வேட்டியோடு தீவுக்குத் திரும்பியவர். அவர் கயிறு வாங்கியது ஆடு கட்ட. ஆடு கயிற்றைச் சப்பித் தின்றுவிட்டது. அவர் பேனையை எடுத்து, கயிறு தானாக அறுந்ததென்றும், ஆடு அயலவரின் மரவள்ளித் தோட்டத்துக்குள் பாய்ந்ததென்றும், இரண்டு குடும்பங்களுக்கும் இடையில் தலைமுறையாக இருந்த நல்லுறவு அதனால் குலைந்ததென்றும் ஒன்றரைப் பக்கம் எழுதிப் போட்டார். பதினெட்டாம் நாள் பார்சல் வந்தது. புதுக் கயிறு ஒரு சுருள், கலண்டர் ஒன்று, 'தங்கள் ஆட்டுக்கு ஏற்பட்ட அசௌகரியத்துக்கு வருந்துகிறோம்' என்று ஒரு கடிதம்.

அது எழுபத்து நாலாம் ஆண்டு. வெளிநாட்டுச் சாமான் ஒன்றும் வராத காலம். பாணுக்குச் சனம் விடியமுன்னம் எழும்பிக் கியூவில் நின்றது. அந்த நேரத்தில் ஒருவர் வீட்டில் சும்மா இருந்தபடி கயிறு எடுத்தார் என்றால் ஊர் சும்மா இருக்குமா? ஒரு மாதத்துக்குள் வாசிகசாலையில் 'தீவக முறைப்பாட்டாளர் சங்கம்' உருவாகிவிட்டது. தலைவர் தில்லைநாதன். கொம்பனி அனுப்புகிற படிவங்கள் சிங்களத்தில் வந்ததாலும், கரையில் சிங்களம் வாசிக்கத் தெரிந்தவர் அவர் ஒருவரே என்பதாலும், செயலாளரும் அவரே.

"கேக்கிறது பிச்சை. முறையிடுறது உரிமை," என்று தலைமையுரையில் சொன்னார். "இருபது வருசம் நான் மேசைக்கு அந்தப் பக்கம் இருந்தனான். மாவுக்குள்ளை வண்டு எண்டு வருவினம். பாத்தால் வண்டு அவையின்ர வீட்டு வண்டு. நான் ஒண்டும் பறையாமல் இன்னொரு கொத்து அளந்து குடுத்தனான். ஏன்? கடைக்காரன் சத்தத்துக்குப் பயம். அந்தக் கடையையும் எரிச்சுப்போட்டாங்கள். இனி எங்கட முறை."

இதற்குக் கைதட்டுவதா அழுவதா என்று தெரியாமல் சனம் கைதட்டியது.

சனிக்கிழமைகளில் பயிற்சி நடந்தது. "அறுத்த கயிறு வேறை, அறுந்த கயிறு வேறை. கத்தி வச்சால் நுனி மொட்டையாய் நிக்கும். கொழும்பிலை இருக்கிறவன் முழு விசரன் இல்லை. முருகைக்கல்லிலை வச்சு மெதுவாய் உரஞ்சவேணும். நார் நாராய் விரியவேணும்." ஊர்ப் பெண்கள் மீன் காயப்போட்ட கையோடு கயிறும் உரஞ்சப் பழகினார்கள். சுவாமியார் ஒரு ஞாயிறு பூசையில் பொய்ச்சாட்சி பற்றிக் கடுமையாகப் பிரசங்கம் வைத்தார். அடுத்த ஞாயிறு கோயில் மணிக்குப் புதுக் கயிறு கட்டியிருந்தது. பிரசங்கம் சுகமான மரணத்தைப் பற்றிப் போனது.

இந்தச் சங்கத்தில் சேராத ஆள் குருசுமுத்து. ஐம்பத்தெட்டு வயது, மனைவி போய்ப் பத்து வருசம். நாட்டு வைத்தியம் பார்க்கிற பரியாரியாரின் மருந்தில் நோய் மாறாவிட்டாலும் அவருக்கு மீன் கொண்டுபோய்க் கொடுக்கிற பிறவி. கடையில் நிறை குறைந்தால் தன் கண்ணில்தான் பிழை என்று நினைப்பார். அவருக்கு இருந்தது ஒரே மகன் பிலிப்பு. மருமகள் ஜசிந்தா நெடுந்தீவுப் பெட்டை. மூன்று பேரும் ஒரு வீட்டில், ஒரு வள்ளத்தை நம்பி இருந்தார்கள்.

அந்த வருசம் பிலிப்புவின் நங்கூரக் கயிறு இற்றுப்போயிருந்தது. கடையில் விற்ற கயிற்றுக்குக் கிட்டப் போக வழியில்லை.

"அப்பு, நீங்கள் முதலாளியிட்டை மட்டும் போயிடாதேங்கோ," என்றான் பிலிப்பு. "ஊர் முழுக்க எடுக்கட்டும். ஓசிக் கயித்திலை என்ர வள்ளம் நிக்க வேண்டாம். இந்த வாடைக் காலம் மட்டும் பாத்துப் போனால் சரி."

"எனக்கென்ன விசரே," என்றார் குருசுமுத்து.

அடுத்த நாளே போனார். பெற்ற மனம். இற்ற கயிற்றோடு ஒரே பிள்ளையைக் கடலுக்கு அனுப்பிவிட்டு வாசலில் இருக்க அவரால் முடியவில்லை.

"கயிறு எப்ப அறுந்தது?" என்று தில்லைநாதன் பேனையைத் திறந்தார்.

"அறேல்லை."

"அப்பிடி எழுத ஏலாது, குருசுமுத்தர்."

"அது இன்னும் அறேல்லையே. இனித்தான் அறும்போலை கிடக்கு. அப்பிடி எழுதினால் என்ன?"

"வரப்போற காய்ச்சலுக்கு ஆரும் மருந்து தருவினமோ? செவ்வாய்க்கிழமை பின்நேரம் அறுந்தது. நல்ல காத்து. சரியோ?"

குருசுமுத்து தலையைச் சொறிந்தார். "முதலாளி, இது பாவமில்லையே?"

"ஆருக்குச் செய்யிற பாவம்? கொம்பனிக்கு ஆத்துமா இருக்கோ? பேசாமல் கையெழுத்தைப் போடும்."

ஆத்துமா இல்லாத ஒன்றுக்குப் பொய் சொல்லலாமா என்று குருசுமுத்துவுக்கு ஞானோபதேச வகுப்பில் யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை. பழைய கயிற்றின் நுனியைத் தானே முருகைக்கல்லில் உரஞ்சினார். கை கூசியது. உரஞ்சி முடித்துக் கையெழுத்தைப் போட்டார்.

ஆவணியில் பார்சல் வந்தது. நீலக் கயிறு, தடித்த சுருள். "ஊர்காவற்றுறையிலை ஒருத்தன் மலிவாய் வித்தவன்," என்று பிலிப்புவிடம் நீட்டினார். பிலிப்பு வாங்கிக் கையில் ஒருதரம் உருட்டிப் பார்த்தான். "நல்ல கயிறு, அப்பு," என்றான். அன்றைக்கே நங்கூரத்தில் கட்டினான். குருசுமுத்துவுக்கு அன்று சோறு ருசித்தது.

கார்த்திகை இருபத்தோராம் நாள் பின்நேரம், நெடுந்தீவுப் பக்கத்துக் கற்பாரில் வாடைக் காற்று எழும்பியது. நங்கூரத்தில் நின்ற வள்ளங்கள் எல்லாம் நின்றன. பிலிப்புவின் வள்ளம் மட்டும் நிற்கவில்லை. அது கல்லில் அடிபட்டுக் கவிழ்ந்து, மூன்றாம் நாள் சாட்டிக் கடற்கரைக்குக் கிட்ட ஒதுங்கியது. வள்ளத்தின் முன்பக்க அணியத்தில் இரண்டு பாக நீளக் கயிறு முடிச்சுக் குலையாமல் கிடந்தது. நுனி நார் நாராய் விரிந்திருந்தது. பிலிப்புவைக் கடல் தரவேயில்லை.

வெறும் பெட்டிக்குச் செபம் சொல்லி முடித்தார்கள். அதற்குள் ஊர் அந்த நுனியைப் பார்த்துவிட்டது. பார்த்தவர்கள் எல்லாரும் கயிறு உரஞ்சுவதில் கைதேர்ந்தவர்கள் அல்லவா? கல்லில் உரஞ்சிய நுனியும் கடலில் அறுந்த நுனியும் ஒரே மாதிரி இருக்கவேண்டும் என்றுதானே அவ்வளவு பாடுபட்டுப் பழகியது. இரண்டுக்கும் வித்தியாசம் சொல்ல இப்போது கரையில் ஒரு ஆளும் இல்லை.

"பெடியன் முறைப்பாட்டுக்கெண்டு உரஞ்சி வச்ச கயித்தை மறந்துபோய்க் கட்டிப்போட்டான்," என்று கிணற்றடியில் ஒருத்தி சொன்னாள். "வேண்டாம் வேண்டாம் எண்டு சொல்லிக்கொண்டு களவாய்ச் செய்திருக்கிறான், பாருங்கோவன்," என்றாள் இன்னொருத்தி. ஜசிந்தா வாளியை அப்படியே வைத்துவிட்டு வீட்டுக்கு வந்தாள். பிறகு அந்தக் கிணற்றுக்கு அவள் போகவில்லை.

பிள்ளை போனது ஒரு இடி. பிள்ளை கள்ளனாகப் போனான் என்பது அதற்கு மேலால் இன்னொன்று. குருசுமுத்துவால் இரண்டாவதைத் தாங்க முடியவில்லை. கயிறு பழுது, பிலிப்புவில் பிழையில்லை என்று கொம்பனிக்காரன் ஒரு வரி எழுதித் தந்தால் போதும். அதைக் கோயில் வாசலில் ஒட்டிவிட்டுத் தானும் செத்துப்போகலாம் என்று நினைத்தார். தில்லைநாதனிடம் போனார்.

தில்லைநாதன் உண்மையாகவே கண் கலங்கினார். கதிரையை இழுத்துப் போட்டு இருக்கச் சொன்னார். பேனையைத் திறந்தார், மூடினார், திரும்பத் திறந்தார்.

"குருசுமுத்தர், உம்மட்டை மறைக்கிறதுக்கென்ன. சங்கம் தொடங்கி இண்டைக்குத்தான் முதன்முதலாய் ஒரு உண்மையான முறைப்பாடு வந்திருக்கு. எப்பிடி எழுதிறதெண்டு எனக்குத் தெரியேல்லை."

"உள்ளதை எழுதுங்கோ, முதலாளி."

உள்ளதைத்தான் எழுதினார். நல்ல காற்று என்று எழுதினார். அது முந்நூறு கடிதத்தில் இருந்தது. பின்நேரம் என்று எழுதினார், அதுவும் இருந்தது. ஈடுசெய்ய முடியாத இழப்பு என்று எழுதினார்; அது அவருடைய ஆட்டுக்கே எழுதியாயிற்று. வாசித்துப் பார்த்தபோது கடிதம் மற்றக் கடிதங்களைப் போலவே இருந்தது. நுனியை வெட்டி உள்ளே வைத்து அனுப்பினார்கள்.

பதினெட்டாம் நாள் பார்சல் வந்தது. கயிறு ஒரு சுருள், கலண்டர் ஒன்று. 'தங்கள் வள்ளம், ஆடு அல்லது வேறு உடைமைக்கு ஏற்பட்ட அசௌகரியத்துக்கு வருந்துகிறோம்.'

குருசுமுத்து இரண்டாம் கடிதம் எழுதுவித்தார். எனக்குக் கயிறு வேண்டாம். அந்தக் கயிறு நல்லதா பழுதா என்று மட்டும் சொல்லுங்கள். கொம்பனி இதை, ஒரு சுருள் போதாது என்று மனிதன் நாசூக்காகச் சொல்லுகிறான் என்று விளங்கிக்கொண்டது. இரண்டு சுருள் வந்தது, ஒரு குடையும் வந்தது.

மூன்றாம் கடிதத்தில், செத்தது என் பிள்ளை என்று பெரிய எழுத்தில் போடச் சொன்னார். இதற்குத்தான் ஒழுங்கான பதில் வந்தது. 'சாதாரணக் குறைகளுக்கு ஒரு நுனி போதுமானது. தங்களுடையது பாரதூரமான குறை என்பதால், அறுந்த கயிற்றின் இரண்டு நுனிகளையும் பதிவுத் தபாலில் அனுப்பிவைக்கவும். ஒரு நுனியை மட்டும் வைத்து ஒரு கயிறு அறுந்தது என்று கொள்ள எமது விதிகளில் இடமில்லை.'

தில்லைநாதன் வாசித்துக் காட்டிவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டார்.

"மற்ற நுனி கடலுக்கை, என்ர பிள்ளையோடை கிடக்கு எண்டு எழுதுங்கோ," என்றார் குருசுமுத்து. "அவன் வந்தால் கொண்டு வருவான் எண்டும் எழுதுங்கோ."

நாலாம் கடிதம் அப்படியே போனது. அதற்குத் தமிழில் வந்த பதில்தான் அந்த மனிதனைக் குலைத்துப்போட்டது.

'அன்புடையீர், தாங்கள் தெரிவித்த மனஸ்தாபம் எமக்குக் கிடைத்தது. அதை முழுமனதுடன் ஏற்றுக்கொள்கிறோம். தங்களைப் போன்று மனஸ்தாபம் உடையோரே எமது நிறுவனத்தின் அத்திவாரம். எதிர்வரும் பங்குனி ஒன்பதாம் திகதி சாட்டிக் கடற்கரையில் நடைபெறும் திருப்தி விழாவில் தங்களைக் கௌரவிக்க விரும்புகிறோம். இங்ஙனம், க. அரியநாயகம், பாவனையாளர் திருப்திப் பகுதி அத்தியட்சகர்.'

அரியநாயகம் தமிழ் படித்தவர், சைவர். அவருடைய கந்தோரில் மனஸ்தாபம் என்றால் வாடிக்கையாளனின் மனக்குறை, அவ்வளவுதான். குருசுமுத்து பிறந்து வளர்ந்த கத்தோலிக்கக் கரையில் அந்தச் சொல்லுக்கு வேறு பொருள். செய்த பாவத்தை நினைத்து நெஞ்சு நோவதுதான் மனஸ்தாபம். பாவசங்கீர்த்தனக் கூட்டுக்குள் முழந்தாள் போட்டு, கடைசியில் சொல்லுகிற செபம் அது. அதிலும் அது உயிர்த்த ஞாயிறுக்கு முந்திய தபசு காலம். நாள்தோறும் கோயிலில் அந்தச் சொல்தான்.

"முதலாளி, திரும்ப ஒருக்கால் வாசியுங்கோ," என்றார். "மனஸ்தாபம் கிடைச்சதெண்டே எழுதியிருக்கு?"

"ஓம். ஏற்றுக்கொள்கிறோம் எண்டும் கிடக்கு."

கொம்பனிக்காரருக்குத் தெரிந்துவிட்டது என்று குருசுமுத்து முடிவுகட்டினார். செவ்வாய்க்கிழமை, நல்ல காற்று, அறாத கயிறு எல்லாம் தெரிந்துவிட்டது. ஒரு பொய்க்காரன் கேட்கிறான் என்றுதான் இவ்வளவு நாளும் உண்மையைச் சொல்லாமல் வைத்திருக்கிறார்கள். நேரில் போய்ப் பாவத்தைச் சொல்லிவிட்டால் அந்த ஒரு வரியைத் தருவார்கள். அன்றைக்கிருந்து விழா நாள்வரைக்கும் அவர் ஒரு நேரம் மட்டும் சாப்பிட்டார்.

சாட்டியில் பந்தல் போட்டு, ஓலைத் தோரணம் கட்டி, துணியில் ஒரு பெரிய திமிங்கிலத்தை வரைந்து தொங்கவிட்டிருந்தார்கள். காற்று அதை உப்பவைத்துக்கொண்டிருந்தது. தீவு முழுக்க வந்திருந்தது. பந்தலுக்குப் பின்னால் அரியநாயகம் கதிரையில் இருந்து இளநீர் குடித்துக்கொண்டிருந்தார். சப்பாத்துக்குள் மணல் போய்விட்டதால் ஒரு கால் வெறுங்காலாக இருந்தது. குருசுமுத்து சால்வையை இடுப்பில் கட்டிக்கொண்டு முன்னால் போய் நின்றார்.

"ஐயா, நீங்கள் எழுதினது சரி. எனக்கு மனஸ்தாபம் இருக்கு."

"இருக்கத்தான் வேணும், பெரியவர்!" என்றார் அரியநாயகம் உற்சாகமாக. "அது இல்லாட்டில் என்ர பகுதியையே மூடிப்போடுவினம். எழுபத்து மூண்டிலை முழு இலங்கையிலும் நாப்பத்திரண்டு மனஸ்தாபம். அதுக்குப் பிறகு உங்கட தீவிலை மட்டும் முந்நூறுக்கு மேலை. எனக்குக் கீழை இப்ப ஆறு கிளாக்கர்மார். எல்லாம் உங்களாலைதான்."

"நான் பொய் சொன்னனான், ஐயா. ஆவணியிலை வந்த கயித்துக்கு. பழைய கயிறு அறேல்லை. நான்தான் கல்லிலை உரஞ்சினனான். என்னை மன்னிக்கவேணும்."

அரியநாயகம் சிரித்தார். அன்பான சிரிப்புத்தான். "உரஞ்சினதெண்டு எங்களுக்குத் தெரியாதெண்டே நினைச்சனீர்? ஒவ்வொரு நுனியிலும் முருகைக்கல்லுத் தூள் ஒட்டிக்கொண்டு வருது. கடலிலை அறுந்தால் தூள் கழுவுப்பட்டுப் போகாதோ? பொய்யெண்டு தெரிஞ்சுதான் அனுப்பிறனாங்கள். அதுக்கெண்டே ஒரு கயிறு வச்சிருக்கிறம்."

"அதுக்கெண்டே?"

"கழிச்ச கயிறு. மெசினிலை முறுக்குப் பிழைச்சது. முந்தி எரிச்சுப்போடுறனாங்கள். இப்ப உங்களுக்கு அனுப்பிறம். பொய் முறைப்பாட்டுக்கு நல்ல கயிறு குடுக்க ஏலுமே? உங்களுக்கும் சந்தோசம், எங்களுக்கும் சந்தோசம். ஆடு கட்டுவினம், உடுப்புக் காயப்போடுவினம் எண்டுதான் நினைச்சனாங்கள்."

குருசுமுத்து ஒரு அடி கிட்டப் போனார். பிறகு, "அதைத்தான் ஐயா என்ர பிள்ளை நங்கூரத்திலை கட்டினவன்," என்றார். "குருசுமுத்து எண்டு உங்கட கடுதாசியளிலை இருக்கும். நாரந்தனை."

அரியநாயகம் மடியில் இருந்த பட்டியலில் விரலை ஓட்டினார். முகம் மலர்ந்தது. "நாலு கடிதம் எழுதின ஆள்! நீர்தான் முதற் பரிசு!" பிறகுதான் அந்த மனிதனின் முகத்தைப் பார்த்தார். இளநீரைக் கீழே வைத்தார். ஒரு கணம் அவரும் ஒரு மனிதனாக, ஒற்றைக் காலில் சப்பாத்து இல்லாத மனிதனாக இருந்தார். "அதுக்குத்தானே பெரியவர் இரண்டு நுனியும் கேட்டனாங்கள்," என்றார் மெல்ல.

"ஒரு வரி எழுதித் தாங்கோ, ஐயா. கயிறு பழுது, பிள்ளையிலை பிழையில்லை எண்டு. வேறை ஒண்டும் வேண்டாம்."

"அது ஏலாது. கயிறு பழுதெண்டு எழுதினால் பழுதான கயித்தை நாங்கள் வித்ததாய் வரும். விக்கேல்லையே. அது அன்பளிப்பு. அன்பளிப்புக்குத் தரம் பாக்கிற வழக்கம் எங்கையும் இல்லை. அதிலை இருக்கிறது அன்பு மட்டும்தான்."

வெளியே ஒலிபெருக்கி அத்தியட்சகரின் பெயரைக் கூப்பிட்டது. அரியநாயகம் சப்பாத்தை மாட்டிக்கொண்டு போனார்.

"பெருமைக்குரிய முறைப்பாட்டாளர்களே!" என்று தொடங்கினார். "ஒரு கொம்பனியின் உயர்வை எதனால் அறிகிறோம்? அதன் பொருளாலா? இல்லை. பொருளை எவரும் செய்யலாம். பொருள் பழுதானபின் அந்தக் கொம்பனி எவ்வளவு அழகாக வருந்துகிறது என்பதால் அறிகிறோம். எங்களைப் போல் வருந்துவோர் இந்த நாட்டில் இல்லை. வருந்துவதற்கென்றே ஆறு பேரைச் சம்பளம் கொடுத்து வைத்திருக்கிறோம். ஆகவே தயங்காமல் முறையிடுங்கள்! உங்கள் குறையே எங்கள் வளர்ச்சி!"

கைதட்டல் ஓய நேரம் எடுத்தது. முதற் பரிசு என்று குருசுமுத்துவின் பெயரை வாசித்தார்கள். சிவப்பு றிபன் கட்டிய பெரிய கயிற்றுச் சுருளை இரண்டு பேர் தூக்கி வந்தார்கள். தில்லைநாதன் மாலை போட்டார். இரண்டு சொல் பேசுங்கள் என்று மைக்கை வாய்க்குக் கிட்டப் பிடித்தார்கள்.

குருசுமுத்து அதற்கு முன்னம் மைக்கில் பேசினதில்லை. தன் மூச்சு கடற்கரை முழுக்கக் கேட்டதில் திடுக்கிட்டார்.

"என்ர பிள்ளை கயித்தை உரஞ்சேல்லை," என்றார். "உரஞ்சினது நான். பொய் எழுதினது நான். காசுக்கு வாங்கினதெண்டு அவனுக்கும் பொய் சொன்னனான். அவனுக்கு ஒண்டும் தெரியாது. அவனைக் கள்ளன் எண்டு சொல்லாதேங்கோ. சொல்லுறதெண்டால் என்னைச் சொல்லுங்கோ." மூச்சு வாங்கினார். "இன்னுமொண்டு. இவையள் ஓசியாய்த் தாறது கழிச்ச கயிறு. எரிக்கிற கயிறு. இந்த ஐயாதான் சொன்னவர். உங்கட வள்ளத்திலை கட்டியிருந்தால் இண்டைக்கே அவிட்டு எறியுங்கோ. உங்களைக் கும்பிட்டுக் கேக்கிறன். எல்லாருக்கும் பிள்ளையள் இருக்கு."

ஒலிபெருக்கிக்காரன் மைக்கை நிறுத்தக்கூட மறந்துபோனான். கிணற்றடியில் கதைத்த பெண் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

கூட்டத்தின் நடுவிலிருந்து பத்திநாதர் என்ற கிழவர் எழும்பினார். இரண்டு வள்ளமும் மூன்று ஆண்பிள்ளைகளும் உள்ளவர். "மெய்யே ஐயா, அது கழிச்ச கயிறோ?" என்று கேட்டார்.

அரியநாயகம் தொண்டையைச் செருமினார்.

"அப்பிடியெண்டால்," என்றார் பத்திநாதர், "அதுக்கும் ஒரு முறைப்பாடு எழுதலாமோ?"

"தாராளமாக!" என்றார் அரியநாயகம். அவருக்கு உயிர் திரும்பிவிட்டது. "அன்பளிப்புக் கயிறு தொடர்பான குறை! இதற்குத் தனிப் படிவம், தனிப் பகுதியே திறக்கலாம்!"

கியூ பந்தலடியில் தொடங்கிக் கடல்வரைக்கும் போனது. கயிற்றை அவிழ்க்கத்தான் வேண்டும் என்று எல்லாரும் ஒத்துக்கொண்டார்கள். அவிழ்த்தால் எதைக் கட்டுவது? அடுத்த பார்சல் வரும்வரைக்கும் கிடக்கட்டும் என்றார்கள். பத்திநாதர் மூன்று சுருளுக்கு எழுதுவித்தார், ஒரு பிள்ளைக்கு ஒன்று.

தில்லைநாதன் மேசையில் இருந்து எழுதிக்கொண்டிருந்தார். எழுத்து வரிக்கு வரி கோணியது. குருசுமுத்து மாலையைக் கழற்றி மேசையில் வைத்துவிட்டுப் புறப்பட்டபோது எழும்பி ஓடிவந்தார்.

"குருசுமுத்தர், என்னைக் கோவிக்காதையும். நான் எழுதாட்டில் சனத்துக்கு ஆர் எழுதுவினம்?" பிறகு குரலைத் தாழ்த்தினார். "பிலிப்புவின்ர பேரை முதலாவதாய்ப் போடட்டோ? அது இருந்தால் கடிதம் பலமாய் இருக்கும்."

கேட்டு முடியமுன்னமே தில்லைநாதனுக்குத் தான் கேட்டது என்ன என்று விளங்கிவிட்டது. அப்படியே மணலில் குந்திவிட்டார். குருசுமுத்து அவருடைய தோளில் ஒருதரம் கை வைத்துவிட்டு நடந்தார். சாட்டியிலிருந்து வீடுவரைக்கும் கால்நடைதான்.

ஜசிந்தா குசினியில் மீன் வெட்டிக்கொண்டிருந்தாள். மாமனாரின் முகத்தைப் பார்த்ததும் கத்தியை வைத்துவிட்டுத் தண்ணீர் எடுத்துக்கொடுத்தாள். அவர் குடிக்கவில்லை. நிலத்தில் இருந்தார். சாட்டியில் சொன்னதையெல்லாம் இவளுக்குச் சொல்லுவதுதான் அவருக்கு ஆகக் கடினமாக இருந்தது. மைக் முன்னால் வந்த சொல் இங்கே வரவில்லை.

"பிள்ளை, அந்தக் கயிறு ஊர்காவற்றுறையிலை வாங்கினதில்லை. நான் பொய் எழுதி எடுத்தது. அவன் வேண்டாம் எண்டவன். நான் அவனை ஏமாத்திப்போட்டன். நம்பிக் கட்டினவன் பிள்ளை, என்னை நம்பிக் கட்டினவன்."

ஜசிந்தா கையில் ஒட்டியிருந்த செதிளைச் சேலையில் துடைத்தாள்.

"அவருக்குத் தெரியும், மாமா."

"என்ன தெரியும்?"

"தபால்காரன் பார்சலை முதல் இவரிட்டைத்தான் கொண்டந்தவன். கொம்பனிப் பேர் மேலை பெரிசாய்க் கிடந்தது. 'இதை அப்புவின்ர கையிலையே குடு, என்னைக் கண்டதெண்டு சொல்லாதை' எண்டு திருப்பி அனுப்பினவர். நானும் பக்கத்திலை நிண்டனான்."

"தெரிஞ்சே? தெரிஞ்சுகொண்டு ஏன் கட்டினவன்?"

"நானும் கேட்டனான், மாமா. 'அப்பு பிறந்ததுக்கு ஒரு பொய் சொன்னதில்லை. எனக்காண்டி முதற் பொய்யைச் சொல்லிப்போட்டு வந்து நிப்பார். கட்டாட்டில் அது பொய்யெண்டு அவருக்கு முகத்துக்கு நேரை சொன்ன மாதிரிப் போயிடும். நான் கட்டிறன்' எண்டவர்."

குருசுமுத்து கையில் இருந்த தண்ணீர்ச் செம்பை நிலத்தில் வைத்தார்.

"அப்பிடிச் சொல்லேக்கை," என்றார் குருசுமுத்து, "அவன் என்னிலை கோவமாய் இருந்தவனோ, பிள்ளை?"

"இல்லை, மாமா. சிரிச்சவர்."

அதற்குப் பிறகுதான் குருசுமுத்து வாய்விட்டு அழுதார்.